குமாஸ்தா: ஒரு பெயரும் அதன் கூலியும்

தாம்பரத்திலோ ஆலந்தூரிலோ செங்கல்பட்டிலோ வழக்குக்காக அலைந்தவர்கள் வக்கீலைப் பார்த்ததைவிடக் குமாஸ்தாவைப் பார்த்ததுதான் மிகுதி. வாய்தா என்றைக்கு, மனுவுக்கு நம்பர் ஆயிற்றா, பேட்டா கட்டியாயிற்றா என்ற எல்லா வினாக்களுக்கும் விடை அவரிடமே இருக்கும்.

பாரசீகத்தில் 'குமாஷ்தன்' என்பது ஒருவரை வேலைக்கு அமர்த்துதல், அமர்த்தப்பட்டவன் குமாஷ்தா. தமிழுக்கு வரும் வழியில் ஷகரம் ஸகரமாயிற்று. எழுதுவது வல்லினக் 'கு'வே ஆனாலும் நம் நா அதை அதிர்வோடுதான் ஒலிக்கிறது. முறைப்படி 'குமாத்தா' என்று மாற்றிக்கொள்ளவும் எவரும் முனையவில்லை. நெசவாளரிடம் துணி திரட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி அமர்த்திய முகவர்களும் குமாஸ்தாக்களே. மும்பையில் கடைக்கான பதிவுச் சான்றை இன்றும் 'குமாஸ்தா லைசென்ஸ்' என்கிறார்கள்.

சட்ட ஏடுகள் விரும்பும் 'எழுத்தர்' வேறு குலம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'எழுத்து' என்பது ஒப்பத்தையும் குறித்தது. 'கையெழுத்து' அந்தப் பொருளை இன்னும் காத்துவருகிறது. எழுத்தர் தாமே எழுதுகிறவர், அதனால் அது செய்வினைப் பெயர். குமாஸ்தாவோ பிறரால் அமர்த்தப்பட்டவர், செயப்பாட்டுப் பெயர். அரபியிலிருந்து வந்த 'வக்கீல்' என்பதற்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் என்றே பொருள். கட்சிக்காரர் வக்கீலிடம் ஒப்படைக்க, வக்கீல் குமாஸ்தாவை அமர்த்த, இந்தத் தொடரில் கடைசி ஆளுக்குக் கூலி தரவேண்டியவர் யார்?

அங்கேதான் அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் மாறுகிறது. சில வக்கீல்கள் மாதச் சம்பளம் தந்து அதோடு முடித்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் 'வக்கீல் பீஸ் வேறு, குமாஸ்தா பீஸ் வேறு' என்று கட்சிக்காரரிடமே கேட்கப்படுகிறது. அதற்கு ரசீது எதிர்பார்ப்பவர் குறைவு. நகரத்துப் பெரிய நிறுவனங்களின் பில்லிலோ அவர் உழைப்பு 'இதர செலவு' என்ற வரிக்குள் கரைந்துபோகலாம். என் பார்வையில் இவற்றில் நேர்மையானது முதலாவதே.

கூலிச் சொற்களைக் கிளறினால் தானியம் சிந்துகிறது. 'கூலி'யைத் தானியத்தைக் குறிக்கும் 'கூல'த்தோடு இணைத்தார் மொழியறிஞர் பாவாணர். பஞ்சப்படியில் உள்ள 'படி' நெல்லளந்த படிதான். அழைப்பாணை சார்வு செய்யக் கட்டும் 'பேட்டா'வையும் சோற்றைக் குறித்த பழஞ்சொல்லோடு உறவாக்குவோர் உண்டு.

அமெரிக்காவில் ஏறக்குறைய குமாஸ்தாவின் இடத்தில் இருப்பவர் பாராலீகல்; சட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் என்பது சொல்லமைப்பு. அவருடைய உழைப்பைக் கட்சிக்காரரின் பில்லில் மணிக்கணக்கில் தனியே எழுதுவது அங்கே பரவலான வழக்கம். தோற்ற தரப்பு ஈடுசெய்யும் வழக்கறிஞர் கட்டணத்தில் அந்த மணிகளைச் சந்தை விலைக்கே சேர்க்கலாம் என்று மிசௌரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நம் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் சட்டத் தன்னார்வலர்களும் ஆங்கிலத்தில் பாராலீகல்களே, ஆனால் பெறுவது மதிப்பூதியம். பெயர் ஒன்றாயினும் அங்கே அது விலை, இங்கே மரியாதை.

தமிழ்நாட்டில் வழக்கறிஞர் எழுத்தர்களுக்கு 1999இல் நலநிதிச் சட்டம் வந்தது. சட்டத்தில் எழுத்தர் ஆகிவிட்டவரை நீதிமன்றத் தாழ்வாரம் மட்டும் 'குமாஸ்தா சார்' என்றே கூப்பிடுகிறது; அந்தச் 'சார்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.