நிகண்டும் அகராதியும்: சொற்களை வரிசைப்படுத்திய முறைகள்

தமிழில் சொற்பொருள் கூறும் நூல்கள் நிகண்டு, அகராதி என இரு வகைப்படும். இவ்விரண்டும் சொற்களை அடுக்கும் முறையில் வேறுபடுவதற்கு, முன்னது மனப்பாடம் செய்வதற்கும் பின்னது வேண்டும்போது தேடி எடுப்பதற்கும் ஏற்பட்டது என்பதே காரணம்.

தொல்காப்பியத்தின் உரியியலில் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் வழக்கம் காணப்பட்டாலும், தனி நூலாகக் கிடைக்கும் நிகண்டுகளுள் காலத்தால் முந்தியது திவாகரமே. அம்பர்ச் சேந்தனின் ஆதரவில் திவாகரர் இயற்றிய இந்நூல் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள் வகையால் பகுக்கப்பட்டுப் பன்னிரண்டு தொகுதிகளாக அமைந்துள்ளது. சிங்கத்துக்கு வழங்கும் பெயர்களெல்லாம் விலங்கின் பெயர்த் தொகுதியில் ஓரிடத்திலேயே திரண்டு நிற்பதால், செய்யுள் எழுதப் புகுந்தவன் தன் சீருக்குப் பொருந்தும் பெயரை நினைவிலிருந்து உடனே எடுத்துக்கொள்ள முடிந்தது. பிரதிக்குப் பிரதி ஏட்டின் எண் மாறும் ஓலைச்சுவடிக் காலத்தில் நினைவை நம்பியதைக் குறையாகக் கொள்வதற்கில்லை.

ஒரு சொல்லின் பல பொருள்களை அறிய விரும்பியவனுக்கோ இம்முறை அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் விருத்தப்பாவில் இயற்றிய சூடாமணி நிகண்டு, தன் பதினோராம் தொகுதியில் இதற்கு ஒரு வழி கண்டது. பல பொருள் குறிக்கும் சொற்கள் அங்கு எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமைப்படி, அடுக்கப்பட்டுள்ளன. திருமால், சிங்கம், வண்டு முதலிய பொருள்களைத் தரும் ‘அரி’ என்னும் சொல்லை அகரத்தில் தேடினால் அகப்படாது. ரகர எதுகையில்தான் தேட வேண்டும். அடிதோறும் எதுகை அமைந்த பாட்டை ஓதிப் பழகியவர்க்கு இது இயல்பான வரிசையே.

1594இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, முதலெழுத்தைக் கொண்டு சொற்களை நிரல்படுத்தியது. ஆயினும் அதுவும் செய்யுள் நூலே. தேடுவதற்கான வரிசையும் ஓதுவதற்கான யாப்பும் அதில் சற்றுப் பொருத்தமின்றியே சேர்ந்துள்ளன.

யாப்பை விடுத்து அகரவரிசையை முழுமையாகக் கைக்கொண்டவர் வீரமாமுனிவர். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, சொல்லுக்குப் பொருள் கூறும் பெயரகராதி, ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தரும் பொருளகராதி, முக்கனி, நாற்படை போன்ற தொகைகளை விரிக்கும் தொகையகராதி, எதுகைச் சொற்களைத் திரட்டும் தொடையகராதி என நான்கு பகுதிகளை உடையது. பழைய நிகண்டு ஆற்றிவந்த பணிகள் பல என்பதையும், அவற்றை ஒரே வரிசையில் அடக்க இயலாது என்பதையும் இவ்வமைப்பு தெளிவாகக் காட்டுகிறது. பிற்காலத் தொகுப்பாளர் பலர் இந்நுட்பத்தைப் பொருட்படுத்தவில்லை.

அச்சு பரவிய பின் பெயரகராதியின் வழியே பெருவழக்காயிற்று. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி, 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் ஆகிய மூன்றும் அவ்வழியினவே. பொருள்களையும் மாந்தரையும் பற்றிக் கூறும் நூல்களும் இவ்வரிசையையே மேற்கொண்டன, ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி (1910) புராணப் பாத்திரங்களையும் புலவர்களையும் நூல்களையும் அகரவரிசையிலேயே தருகிறது.