கேக் மிக்ஸில் முட்டை வந்த கதை

போன மாதம் மகளுடைய பிறந்தநாள். வாரநாள் வேறு. நானும் மனைவியும் வேலை முடித்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிவிட்டது. வாங்கி வைத்திருந்த கேக் மிக்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, முட்டையும் எண்ணெயும் சேர்த்து நான் கலக்கினேன். ஓவனில் வைத்து எடுத்ததும் மகள் மேலே கலர் மிட்டாய் ஒட்டினாள். வந்திருந்த உறவினர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு, “நல்லாருக்கே, நீயே செஞ்சதா, பாக்கெட்டா?” என்று கேட்டார். கலக்கியது நான். ஆனால் கேள்வி மனைவியிடம்தான் போனது. அவள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. அலுவலகப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்டது. வடிவமைப்பு, மார்க்கெட்டிங் பக்கம் இருப்பவர்கள் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

கதை இதுதான். 1950-களில் அமெரிக்காவில் கேக் மிக்ஸ் வந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும். ஆனால் விற்கவில்லை. கம்பெனிக்காரர்கள் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் இல்லத்தரசிகளிடம் பேசிப் பார்த்து, “வேலை ரொம்பச் சுலபமாக இருப்பதால் அவர்களுக்குக் குற்ற உணர்ச்சி. தூளில் இருக்கும் முட்டையை எடுத்துவிடுங்கள், அவர்களே ஒரு முட்டையை உடைத்து ஊற்றட்டும்” என்றார். விற்பனை எகிறியது. நீதி: பயனருக்குக் கொஞ்சம் வேலை கொடு, தானே செய்ததாக நினைத்துக்கொள்வார். ‘ஐக்கியா விளைவு’ பற்றி 2012-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையும் கேக் மிக்ஸ் உதாரணத்தோடுதான் ஆரம்பிக்கிறது.

நானும் பல வருஷம் இதை நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று மீட்டிங்கில் சொல்லியும் இருக்கிறேன்! இந்த முறை சும்மா தேதிகளைச் சரிபார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். மென்பொருளில் ஒரு பிழை எங்கிருந்து வந்தது என்று தெரிய, யார் எப்போது எந்த வரியை மாற்றினார்கள் என்று பார்ப்போம் இல்லையா, அதே வேலைதான். பழைய அமெரிக்கக் காப்புரிமைகளை இப்போது யாரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

கேக் மிக்ஸ் 1950-களில் பிறந்ததே இல்லை. பிட்ஸ்பர்க் நகரில் பி. டஃப் அண்ட் சன்ஸ் என்று ஒரு கம்பெனி. அவர்கள் விற்றது மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கருப்புப் பாகு. அந்தப் பாகை மாவோடு சேர்த்து உலர்த்தித் தூளாக்கும் வழியை ஜான் டஃப் கண்டுபிடித்து, 1930-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1933-ல் கிடைத்தது. அதில் முதல் உதாரணம் ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சி கேக். கோதுமை மாவு, பாகு, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, சோடா, இஞ்சி, பட்டை, கூடவே உலர்த்திய முட்டைத்தூள். தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடுப்பில் வைத்தால் கேக்.

இதே டஃப் இரண்டாவதாக ஒரு காப்புரிமையும் வாங்கினார். அது 1935-ல் கிடைத்தது. அதில் முட்டைத்தூளை எடுத்துவிட்டு, வாங்குபவரே புது முட்டை சேர்க்கும்படி மாற்றியிருக்கிறார். இல்லத்தரசிகளும் பொதுமக்களும் புது முட்டையைத்தான் விரும்புவதாகத் தெரிகிறது என்று அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறார். குற்ற உணர்ச்சி என்ற பேச்சே இல்லை.

சரி, நம்ம டிக்டர் அப்போது எங்கே? வியன்னாவில் பிறந்த அவர் அமெரிக்கா வந்ததே 1938-ல்தான். முட்டை மாற்றம் அவர் கப்பல் ஏறுவதற்கு மூன்று வருஷம் முன்பே முடிந்துபோன விஷயம்.

பெரிய கம்பெனிகள் பிறகுதான் வந்தன. ஜெனரல் மில்ஸின் பெட்டி க்ராக்கர் மிக்ஸ் 1947-ல், பில்ஸ்பரி 1948-ல். புது முட்டை கேட்ட மிக்ஸும், முட்டைத்தூள் போட்ட மிக்ஸும் ஒரே காலத்தில் கடைகளில் இருந்தன. டிக்டர் 1950-களில் இந்தக் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னது உண்மை. முட்டையைக் கண்டுபிடித்தது அவர் இல்லை, அவ்வளவுதான். 1950-களின் அமெரிக்கச் சமையல் பற்றி லாரா ஷப்பிரோ 2004-ல் எழுதிய புத்தகம் இதையெல்லாம் நன்றாக அலசுகிறது.

அப்போ ஏன் புது முட்டை? காரணம் சமையலறை சம்பந்தப்பட்டது. முட்டையில் இயற்கையாகவே கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கிறது. அதை நீக்காமல் உலர்த்திச் சேமித்து வைத்தால், அது புரதத்தோடு வினைபுரிந்து தூள் பழுப்பாகும், வாசனை கெடும், தண்ணீரில் சரியாகக் கரையாது. நுரைத்து எழும் சக்தியும் குறையும். புது முட்டை போட்டால் கேக் நன்றாக வரும். அந்தப் பெண்களுக்கு நாக்கு வேலை செய்தது, மனநோய் இல்லை.

அப்படியானால் குற்ற உணர்ச்சியே கிடையாதா? இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் இன்னொரு ஆய்வு இருக்கிறது. 1950-ல் மேசன் ஹேர் என்பவர் வெளியிட்டது. இரண்டு மளிகைப் பட்டியல்கள் தயாரித்தார். ஒரே ஒரு வரியில்தான் வித்தியாசம். ஒன்றில் இன்ஸ்டன்ட் நெஸ்கஃபே, மற்றதில் வழக்கமான காபித்தூள். “இந்தப் பட்டியலை எழுதியவள் எப்படிப்பட்டவள்?” என்று பெண்களிடம் கேட்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல்தான் காட்டப்பட்டது. இன்ஸ்டன்ட் காபிக்காரியைச் சோம்பேறி என்றவர்கள் 48 சதவீதம். மற்றவளை அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம். இரண்டு பட்டியலிலும் ரெடிமேட் பை மிக்ஸ் ஒன்றைச் சேர்த்துப் பார்த்தபோது, காபித்தூள் வாங்கியவளுக்கும் கெட்ட பெயர் வந்தது.

ஆக, உறுத்தல் பாக்கெட்டுக்குள் இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சில் இருந்தது. முட்டைக் கதை அதைத் திருப்பிப் போட்டு, பெண்களின் மனசுக்குள்ளேயே ஒரு கோளாறு இருப்பதாகவும், ஒரு நிபுணர் வந்து சரிசெய்ததாகவும் சொல்லிவிடுகிறது. எழுபது வருஷமாக நாமும் அதைப் புத்திசாலித்தனமான கதை என்று ரசிக்கிறோம். நானும் ரசித்தவன்தான்.

நம் ஊரிலும் இது விசித்திரமாகத்தான் நடக்கிறது. தீபாவளிக்குக் குலாப் ஜாமூன் மிக்ஸ் வாங்கி உருட்டிப் பொரித்துப் பாகில் போட்டால் அது வீட்டுப் பலகாரம். யாரும் பாக்கெட்டா என்று கேட்பதில்லை. அதே வீட்டில் கேக் மிக்ஸ் என்றால் கேள்வி வருகிறது. அதுவும் வேலைக்குப் போகிற அம்மாவிடம் மட்டும்.

காப்புரிமைகளின் தேதிகளை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “அடுத்த தடவை கேட்டா நீயே பதில் சொல்லு” என்றாள். நியாயம்தான். பாக்கெட் கேக்தான், முட்டை மட்டும் புதுசு, கலக்கினது நான் என்று சொல்லப் போகிறேன்.