வைத்தியசாலைப் படக் களஞ்சியம்: கண்ணாடித் தட்டு முதற் கணனி வரை

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் றொண்ட்கன் என்னும் பௌதிகப் பேராசிரியர் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தமை மாணவர் யாவரும் அறிந்ததே. அக்கதிர்களால் எடுக்கப்பட்ட படங்களை எங்கே வைப்பது, வேண்டியபோது எவ்வாறு பெறுவது என்னும் வினாவின் வரலாறோ பலர் அறியாதது. அவ்வினா மனித உயிர்களைப் பலிகொண்டதுமுண்டு.

தொடக்கத்திற் படங்கள் கண்ணாடித் தட்டுகளிற் பதியப்பட்டன. அவை பாரமானவை, எளிதில் உடைபவை. முதலாம் உலகப் போர்க் காலத்திற் கண்ணாடி அருகவே, செலுலோசு நைத்திரேற்றாலான படலங்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. இப்பொருள் விரைந்து தீப்பற்றும் என்பதைச் சினிமாக் கொட்டகைக்காரர் நன்கறிந்திருந்தனர். வைத்தியசாலைகளோ அதனை நிலவறைகளில் ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்தன. 1929ஆம் ஆண்டு மே 15ஆந் திகதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், நிலவறையிற் கிடந்த படலங்கள் தீப்பற்றின. 123 பேர் மாண்டனர். தீயில் வெந்தோரினும் எழுந்த நச்சு வாயுவைச் சுவாசித்து இறந்தோரே மிகப் பலர். நலமாக வெளியேறியோர் போலத் தோன்றிய சிலரும் பின்னர் மடிந்தனர். அந்நிலையத்தின் தாபகருள் ஒருவரான வைத்தியர் ஜோன் பிலிப்ஸும் அவ்வாறு உயிரிழந்தார். இதன் பின்னரே எளிதில் எரியாத அசற்றேற்றுப் படலம் எங்கும் வழக்கில் நிலைத்தது.

தீயச்சம் நீங்கியும் மற்றொரு குறை நீங்கவில்லை. படலம் ஒன்றே, அது ஒரு நேரத்தில் ஓரிடத்திலேயே இருக்கும். சத்திரசிகிச்சைக் கூடத்திற்கு அது சென்றுவிட்டால், விடுதியில் நோயாளியின் அருகில் நிற்கும் வைத்தியர் வெறுங்கையராவார்.

இக்குறைக்கு மாற்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1ஆந் திகதி இலண்டன் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்ஃபிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கருவியால் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளை குறுக்குவெட்டாகப் படமாக்கப்பட்டது. அப்படம் ஒளியால் வரையப்பட்டதன்று. கணனி கணித்த எண்களின் தொகுதி. பக்கத்துக்கு 80 ஆக 6,400 புள்ளிகளே அதில் இருந்தன. எண்ணைப் பிரதி செய்தால் மூலம் தேய்வதில்லை. ஒரே நேரத்திற் பல இடங்களுக்கும் அதனை அனுப்பலாம். ஆயினும் பல ஆண்டுகள் வரை வைத்தியசாலைகள் அவ்வெண்களை மீண்டும் படலத்தில் அச்சிட்டே அலுமாரிகளில் வைத்தன. பழக்கத்தின் வலிமை அத்தகையது.

இலக்கமுறைப் படங்களைச் சேமித்து வலையமைப்பின் வழியே பகிரும் முறை, 1982ஆம் ஆண்டு சனவரியிற் கலிபோர்னியாவின் நியூபோட் பீச்சில் நடந்த மாநாட்டில் விரிவாக ஆராயப்பட்டது. 'பாக்ஸ்' என இன்று சுருக்கி அழைக்கப்படுவது அம்முறையே. தடையாக நின்றது கணனியின் வலுக்குறைவு மாத்திரமன்று. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தம் வடிவிற் படங்களை எழுதினர். ஒருவர் கருவி எழுதியதை மற்றவர் கருவி வாசிக்க இயலவில்லை. 1983இல் அமெரிக்கக் கதிரியல் வைத்தியர் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் ஒரு கூட்டுக் குழுவை நிறுவின. அதன் முதல் நியமம் 1985இல் வெளிவந்தது. அது கருவியைக் கருவியோடு நேரே இணைப்பதற்கே உதவியது. 1993இல் தோன்றிய 'டைகொம்' நியமமே வலையமைப்புக்கு ஏற்றதாயிற்று. இதன்படி நோயாளியின் பெயர், இலக்கம், படம் எடுத்த நாள் முதலியன படத்துடனேயே ஒரே கோவையில் எழுதப்படும். படமும் பெயரும் பிரிந்து அலையும் பழைய இடர் இதனாற் பெரிதுங் குறைந்தது. ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. பல ஆண்டுகள் மேசையைச் சுற்றியிருந்து இவ்விதிகளை இயற்றியோரைப் பொதுமக்கள் அறியார். வைத்தியசாலைக்கு அவர்கள் ஆற்றிய பணி அதனிற் பெரிதுங் குறைந்ததன்று.

அதே 1993இல் அமெரிக்காவின் பல்ரிமோர் நகரிலுள்ள முன்னாட் படைவீரர் வைத்தியசாலை படலமின்றி இயங்கத் தொடங்கியது. சேமிப்புச் செலவு குறையக் குறையப் பிற நாடுகளும் இம்முறையைப் பின்பற்றின. 512 வரிசையும் 512 நிரலுங் கொண்ட ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் 262,144 புள்ளிகள் உள. ஒரு நோயாளிக்கே இத்தகைய படங்கள் நூற்றுக்கணக்கில் எடுக்கப்படுகின்றன.

பகிர்வு எளிதானபோது காவல் தளர்ந்தது. கடவுச்சொல்லும் இன்றி இணையத்திற் திறந்து கிடந்த படக் களஞ்சியங்கள் பல நாடுகளில் இருந்தமையை 2019இல் ஜேர்மானிய ஆய்வாளர் வெளிப்படுத்தினர். படத்துடன் பெயரையும் பிறந்த நாளையும் சேர்த்து வைத்த அதே ஏற்பாட்டினால், அந்நோயாளர் யாவர் என்பதும் அங்கே எவரும் வாசிக்கக் கிடந்தது.