கேள்விக்குறி பிறந்த கதை

2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அந்தக் கோட்டைக்கு வருபவர்களின் பெயரையும் ஊரையும் பதிவு செய்ய, உள்ளூரில் சர்வர் நிரல் பழகும் ஒரு மாணவர் சின்னதாக ஒரு படிவம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பாச்சி, பிஎச்பி, தரவுத்தளம் மூன்றையும் எக்ஸாம்ப் என்ற ஒரே தொகுப்பாகக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய பாடக் குறிப்பு ஒன்றைப் பார்த்து அட்டவணையை உருவாக்குகிறார். ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. ஊர்க் கட்டத்தில் தமிழில் ‘செஞ்சி’ என்று தட்டி அனுப்புகிறார். பட்டியலில் வந்து நிற்பது ஆறு கேள்விக்குறிகள்.

மூன்றெழுத்து ஊருக்கு ஏன் ஆறு கேள்விக்குறி? பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அதை வைத்துத் தேடலாம். சத்தமில்லாமல் கெடுவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தமிழில் வலை நிரல் பழகுகிறவர்கள் பலர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். விழுந்தவர்களில் சிலர் எழுந்து, “விவரங்களை ஆங்கிலத்தில் மட்டும் நிரப்பவும்” என்று படிவத்தின் தலையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தக் கேள்விக்குறி எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய கோளாறு அது.

சர்வருக்கு எழுத்து தெரியாது. அதற்குத் தெரிந்தது 0 முதல் 255 வரையிலான எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட். எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். 1963இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி ஒப்பந்தத்தில் 128 இடங்கள்தான். ஆங்கிலமும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதில் அடங்கின. அதை 256 இடங்களாக விரித்து, மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளையும் சேர்த்தது லத்தீன்-1. தமிழுக்கு அதில் ஓர் இடமும் இல்லை.

சர்வரில் நிரலை ஓடவிட்டு அது தரும் விடையைப் பக்கமாக அனுப்பும் வழி 1993இல் பிறந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்து சர்வர் மென்பொருளோடு வந்த அந்த ஏற்பாட்டின் பெயர் சிஜிஐ. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தம் சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க சி மொழியில் சில சிஜிஐ கருவிகள் எழுதினார். 1995 ஜூன் 8 அன்று அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். அதுதான் பிஎச்பி. அதே ஆண்டு ஸ்வீடனில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வெளிவந்தது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது லத்தீன்-1 என்று எடுத்துக்கொண்டது. அகரவரிசையைக்கூட ஸ்வீடிஷ் முறைப்படி அடுக்கியது. இந்த இயல்பு 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை மாறவில்லை. செஞ்சியில் உருவாக்கிய அட்டவணையிலும் ‘லத்தீன்1_ஸ்வீடிஷ்’ என்ற சொல் கிடப்பதைப் பார்த்துப் பலர் திகைத்திருப்பார்கள், காரணம் இதுதான்.

அப்படியானால் 1990களிலேயே தமிழ் வலைத்தளங்கள் எப்படி ஓடின? லத்தீன் எழுத்துகளுக்கான எண்களையே எடுத்துக்கொண்டு, எழுத்துருவில் மட்டும் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். சர்வருக்கு அது ஏதோ ஐரோப்பிய மொழி. அதனால் எங்கும் இடறவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியதும், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். அவர்கள் இல்லாவிட்டால் இன்று நம் கையில் இவ்வளவு மின்னூல்கள் இருந்திருக்காது. ஆனால் திஸ்கி, டாப், டாம், பாமினி என்று இடத்துக்கு இடம் குறிமுறை மாறியது. ஒரு தளத்தின் எழுத்துருவை இறக்கி வைத்திருந்தால் அடுத்த தளம் படிக்க வராது. ஒன்றில் தேடினால் மற்றதில் கிடைக்காது.

எல்லா மொழிக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கினார்கள். உயிர்மெய்க்குத் தனி இடம் கிடையாது. மெய்யின் அகர வடிவம் ஓர் எண், அதோடு சேரும் கொம்போ கொக்கியோ புள்ளியோ இன்னோர் எண். ‘செ’ என்றால் ச-வும் ஒற்றைக் கொம்பும். ‘ஞ்’ என்றால் ஞ-வும் புள்ளியும். ‘சி’ என்றால் ச-வும் இகரக் குறியும். மூன்றெழுத்து ஊர் ஆறு எண்களானது இப்படித்தான்.

ஆனால் அந்த எண்கள் பெரியவை. 255க்குள் அடங்காதவற்றைப் பைட் வரிசையில் எப்படி வைப்பது? வந்த யோசனைகளில் பழைய மென்பொருள்களைக் குழப்பும் சிக்கல்கள் இருந்தன. கோப்புப் பாதையில் வரும் சாய்கோட்டின் எண் வேறோர் எழுத்தின் நடுவில் வந்தாலும் போதும், கோப்பே திறக்காது. விடை நியூ ஜெர்சியின் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிறந்தது. 1992 செப்டம்பர் 2, புதன்கிழமை இரவு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் ராப் பைக்கும் சாப்பிடப் போன இடத்தில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தாம்சன் பைட்களை அடுக்கும் முறையை எழுதிக் காட்டினார். அன்றிரவே நிரல் எழுதத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதும் அந்த முறையில் ஓடியது. அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தாமல் போனோமே என்று பைக் பின்னாளில் எழுதினார். அதுதான் யூடிஎஃப்-8.

அதன் அழகு இதில் இருக்கிறது: ஆங்கில எழுத்துக்கு முன்பு இருந்த அதே ஒரு பைட். மற்ற எழுத்துகளுக்கு, மொத்தம் எத்தனை பைட் என்பதை முதல் பைட்டே சொல்லிவிடும். தொடரும் பைட்கள் ‘நான் நடுவில் வருபவன்’ என்று தங்கள் உருவத்திலேயே காட்டிக்கொள்ளும். தமிழ்த் தொகுதியின் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘செஞ்சி’யின் ச 224, 174, 154; அதன் கொம்பு 224, 175, 134. இப்படியே போனால் மொத்தம் 18 பைட். மூன்று பைட்டா என்று அன்று குறைப்பட்டவர்கள் உண்டு. இன்றைய சேமிப்பு அளவில் அந்தக் குறைக்கு எடையில்லை என்பது என் கருத்து.

இப்போது கோளாறுக்கு வருவோம். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை அடிவாரத்துக் கல்யாண மகாலின் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்தக் குழாய் வரிசை போலத்தான் உலாவி, பிஎச்பி, தரவுத்தள இணைப்பு, அட்டவணை என்ற நான்கு கண்ணிகளும். ஒழுகல் எப்போதும் கண்ணிகள் சேரும் இடத்தில்தான். உலாவி யூடிஎஃப்-8இல் அனுப்புகிறது. இணைப்பும் யூடிஎஃப்-8 என்று சொல்லியிருக்கிறோம். அட்டவணை மட்டும் லத்தீன்-1. தரவுத்தளம் அந்த ஆறு எண்களையும் லத்தீன்-1இன் 256 இடங்களில் தேடுகிறது, ஒன்றுக்கும் இடமில்லை, ஒவ்வொன்றுக்கும் பதிலாக 63 என்ற எண்ணை வைக்கிறது. 63 என்பது கேள்விக்குறி. ஆறு கேள்விக்குறிகளும் பிறந்த இடம் இதுதான். 2015இல் வந்த 5.7 பதிப்பு முதல் மைஎஸ்க்யூஎல் இப்படி மாற்றி வைக்காமல் பிழை சொல்லி மறுக்கும், கண்டிப்பு முறையை யாரும் அணைத்து வைக்காமல் இருந்தால்.

இன்னொரு வகை உண்டு. மேலே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், பிறகு ஏதோ ஒரு குறி என்று வரிசையாக வரும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் பயப்பட வேண்டாம். 224ஐ லத்தீன்-1ஆகப் படித்தால் அந்த ஏ, 174ஐப் படித்தால் அந்த ஆர். பைட்கள் அப்படியே இருக்கின்றன, தவறான ஒப்பந்தப்படி படிக்கப்படுகின்றன என்றுதான் அதற்குப் பொருள். இதை மீட்கலாம். கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்க முடியாது. அந்தப் பயணியின் ஊர் போனது போனதுதான்.

திரையில் தெரிவதை மட்டும் நம்பி இரண்டையும் பிரிக்கவும் கூடாது. அட்டவணையில் சரியாக இருந்து, வெளியே வரும் வழியிலும் கேள்விக்குறி ஆகலாம். ஆகவே, கை வைக்கும் முன் தரவுத்தளத்திடமே ‘ஹெக்ஸ்’ என்ற செயற்கூற்றால் பைட்களைக் காட்டச் சொல்லுங்கள். ‘3எஃப்’ என்பதே திரும்பத் திரும்ப வந்தால் அது 63, தரவு அழிந்துவிட்டது. ‘ஈ0 ஏஈ’ என்று தொடங்கினால் அது 224, 174. தமிழ் உள்ளே நலமாக இருக்கிறது, கோளாறு வேறு கண்ணியில். லத்தீன்-1 அட்டவணைக்குள் தமிழ்ப் பைட்கள் இருந்தால், முதலில் முழு நகல் எடுத்துவிட்டு, அந்த நெடுவரிசையை எழுத்து வகையிலிருந்து வெறும் பைட் வகைக்கும், அங்கிருந்து நான்கு பைட் வரை ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4க்கும் மாற்றுங்கள். நேரே மாற்றினால் கோணல் எழுத்து கோணலாகவே உறைந்துவிடும்.

யூடிஎஃப்8 என்று மட்டும் போட்டால் போதாதா? போதாது. மைஎஸ்க்யூஎல் நெடுங்காலம் அந்தப் பெயரில் கொடுத்தது மூன்று பைட் வரைதான். தமிழ் அதில் அடங்கியதால் நம்மில் பலர் கவனிக்கவில்லை. நான்கு பைட் எமோஜி வந்தபோதுதான் வாக்கியம் பாதியில் அறுந்தது. 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் முந்திரி, காணி, மா போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நில அளவைக் குறிகளும் சேர்ந்தன. அவை எல்லாமே நான்கு பைட். செஞ்சிப் பகுதிப் பழைய நில ஆவணம் ஒன்றை நாளை யாராவது கணினியில் ஏற்றினால், யூடிஎஃப்8எம்பி4 இல்லாமல் முடியாது.

பிஎச்பியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘செஞ்சி’யின் நீளம் என்ன என்று ‘ஸ்டிரிலென்’னிடம் கேட்டால் 18 என்று சொல்லும், அது பைட்டை எண்ணுகிறது. ‘எம்பி_ஸ்டிரிலென்’ 6 என்று சொல்லும். ‘கிராபீம்_ஸ்டிரிலென்’தான், நம் பள்ளிக்கூடக் கணக்குப்படி, 3 என்று சொல்லும். பத்து பைட்டில் வெட்டு என்று பழைய ‘சப்ஸ்டர்’ மூலம் சுருக்கம் எடுத்தால் ஓர் எழுத்து மூன்றில் ஒரு பங்கோடு தொங்கும். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தெரிவது அதனால்தான். பிஎச்பி 6 பதிப்பில் யூனிகோடை மொழிக்குள்ளேயே கொண்டுவர நினைத்தார்கள். 2010இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 5க்குப் பிறகு 7 வந்ததன் பின்னணி அது.

நோட்பேடில் தமிழோடு சேமித்த பிஎச்பி கோப்பு ஒன்று, ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்று நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்களை நோட்பேடு வைத்திருக்கும். முதல் வரிக்கு முன்பே அவை வெளியே போய்விடுவதால் உள்நுழைவுப் பக்கம் கெடும். 2019 முதல் வந்த விண்டோஸ் 10இன் நோட்பேடு இயல்பாக இதை வைப்பதில்லை.

இதையெல்லாம் தமிழில் படிக்கவும் இன்று வழி உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழும், அதில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ மின்னூலும் இலவசம். விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு மாவட்டத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தருகிறது.

தாம்சனும் பைக்கும் 1993இல் யூடிஎஃப்-8ஐ அறிமுகப்படுத்திய கட்டுரையின் தலைப்பிலேயே உலகுக்குச் சொல்லும் வணக்கத்தை ஆங்கிலம், கிரேக்கம், ஜப்பானியம் என மூன்று மொழிகளில் வைத்தார்கள். முறை எல்லா மொழிக்கும் சரியாக வருகிறதா என்று காட்ட அதைவிட நேரான வழி இல்லை. நம் பாடங்களிலோ முதல் நிரலும் ஆங்கிலம், முதல் படிவமும் ஆங்கிலம். தமிழ் வரும்போது கட்டடம் முடிந்துவிட்டிருக்கிறது. சர்வர் நிரல் கற்றுத்தருகிற ஆசிரியர்களே, முதல் நாள் முதல் படிவத்தில் மாணவர் தம் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டட்டும். கேள்விக்குறி வந்தால் ஹெக்ஸைத் திறந்து அந்த 63ஐ அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். தமிழ்க் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.