சிவிலைசேசன் உலக வரைபடத்தில் ஐரோப்பிய நெரிசல்

சிட் மையரும் புரூசு செல்லியும் வடிவமைத்த சிவிலைசேசன், 1991 இல் வெளியான, முறைவைத்து ஆடும் உத்தி ஆட்டமாகும். இதில் ஒரு நகரம் தன் இடத்தையும் சேர்த்து 21 கட்டங்கள் வரை பயன்படுத்தலாம். அண்டையில் மற்றொருவர் குடியேறினால் விளைநிலம் சுருங்கும். போரும் விரைவில் மூளும்.

80 × 50 கட்டங்கள் கொண்ட உலக வரைபடத்தில் இச்சிக்கல் ஐரோப்பாவில் கடுமையாக இருந்திருக்க வேண்டும். 14 நாகரிகங்களுள் உரோமர், உருசியர், செருமானியர், பிரெஞ்சியர், கிரேக்கர், ஆங்கிலேயர் என ஆறு ஐரோப்பாவைச் சேர்ந்தவை. வட அமெரிக்காவுக்கோ அமெரிக்கரும் அசுடெக்குகளும் மட்டுமே. ஆனால் மேற்சொன்ன அறுவரும் அதே வரிசையில் இருவர் இருவராக ஒரு நிறத்தைப் பகிர்ந்தனர். ஒரு நிறத்துக்கு ஒருவரே ஆட முடியும் என்பதால், ஐரோப்பாவில் மூவருக்கு மேல் தொடங்கவில்லை. நெரிசலைத் தணித்தது நிறப் பங்கீடுதான்.

2005 இல் வந்த நான்காம் பதிப்பின் உலக வரைபடத்தில் 18 நாகரிகங்கள் ஒருசேரத் தொடங்கின. கி.மு. 4000 இல் உரோமருக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சியர்! 2007 இல் பியாண்ட் த சுவார்டு விரிவாக்கத்துடன் வெளியான 'ரைசு அண்டு ஃபால் ஆஃப் சிவிலைசேசன்' இதைக் காலத்தால் தீர்த்தது. அதில் ஒவ்வொரு நாகரிகமும் தன் வரலாற்றுக் காலத்தில்தான் களமிறங்கும். அப்போது அந்நிலத்திலுள்ள பழைய நகரங்கள் புதியவரிடம் கைமாறவும் கூடும்.