கடல் கடந்த குன்மம்

பசித்தால் வலி, உண்டால் சிறிது தணிவு, நள்ளிரவில் மீண்டும் வலி. இக்குறிகளோடு வரும் நோயை இக்காலத்தில் வயிற்றுப் புண் என்கிறோம். இரைப்பையின் உட்சுவரிலோ, அதனை அடுத்த முன்சிறுகுடலிலோ தோன்றும் புண் அது. நம் பழைய மருத்துவ நூல்கள் இதனைக் குன்மம் என்னும் நோய்வகையுள் அடக்கின. மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களை எண்ணும்போது, இந்நோயின் வரலாறும் உடன் நினைவுக்கு வருகிறது. கஞ்சியும் மோரும் கீரையும் வேரும் கொண்டு இப்புண்ணை ஆற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அக்குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது. அந்நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சொல்லும் நூலும்

குன்மம் என்பது குல்மம் என்னும் வடசொல்லின் திரிபு என்பர். அச்சொல் புதரையும், புதர்போல் வயிற்றில் திரண்டெழும் வீக்கத்தையும் குறிக்கும். சித்த மருத்துவரோ, உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் ஆயிற்று என்று பொருள் உரைப்பர். சொற்பிறப்பு என்ற அளவில் முன்னதே பொருந்தும். ஆயினும், உண்ண அஞ்சி உடல் மெலிந்து ஒடுங்கும் நோயாளியின் நிலையைப் பின்னதே நன்கு காட்டுகிறது. வாயு, வாதம், பித்தம், ஐயம், எரி, வலி, சத்தி, சன்னி எனக் குன்மத்தை எட்டாக வகுத்தனர் சித்தர். சத்தி என்பது வாந்தி. எரிவு, வலி, வாந்தி ஆகிய மூன்றையும் தனித்தனியே பெயரிட்டுப் பிரித்திருப்பதே அவர்கள் நோயாளியை எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்குச் சான்றாகும்.

தமிழர் நன்கறிந்த வயிற்றுநோய் மற்றொன்றும் உண்டு. அது 7-ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரை வருத்திய சூலை. திருவதிகையில் தமக்கையார் திலகவதியாரிடம் அவர் மீண்டு வந்ததற்கு அந்நோயே காரணமாயிற்று. அது இன்ன நோய் என்று இன்று துணிந்து கூறுதல் பொருந்தாது. தாங்கொணா வயிற்றுவலி ஒருவரது வாழ்க்கைப் போக்கையே மாற்றவல்லது என்பதை மட்டும் தமிழுலகம் அன்றே கண்டுகொண்டது. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய மருந்து, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகிறது. ஆகவே, வயிற்று நோய்க்கு உணவிலேயே காரணத்தையும் உணவிலேயே மருந்தையும் தேடுவது நம் மரபில் ஊறிய எண்ணம்.

நெய்யூரும் குன்னூரும்

இவ்வெண்ணத்தை மேலை மருத்துவர்களும் நெடுங்காலம் கொண்டிருந்தனர். அதற்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டுவதில்லை. இமயத்தின் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் சென்ற குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கிலேயர், முதற்பயணத்தின் பின் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூர் மருத்துவமனையைக் காண வந்தார். அங்கே நோயாளிகள் திரண்டு கிடக்க, அறுவை மருத்துவர் மிகச் சிலரே இருந்ததைக் கண்டு, அவ்வூரிலேயே பணிபுரியத் துணிந்தார். நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அங்கு வந்தவர்களுள் குடற்புண் நோயாளிகள் எண்ணற்றோர். தென்னிந்தியாவில் அறுவை செய்த 2,500 நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்து, 1936-ல் அவரும் டாக்டர் ஆரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அறுவை மருத்துவ உலகம் நெய்யூரை வியந்து நோக்கியது.

ஏறத்தாழ அதே காலத்தில் நீலகிரியில், தேயிலை மணக்கும் குன்னூரில், உணவு ஆராய்ச்சி நடத்தினார் ராபர்ட் மக்கரிசன். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். மரவள்ளிக்கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் ஏழை உணவை உண்ட எலிகளுக்கு இரைப்பைப் புண் மிகுதியாகத் தோன்றியது. சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவற்றுக்கு அதனினும் குறைவாகத் தோன்றியது. பிற்காலத்தில் மைசூரில் பணிபுரிந்த பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும், அரிசியையே நம்பிய பகுதிகளில் குடற்புண் மிகுந்திருப்பதைச் சுட்டினார். கொள்ளு முதலிய சில பயறுகளில் உள்ள கொழுப்புப் பொருள் எலிகளின் வயிற்றைப் புண்ணிலிருந்து காத்ததாக அவர்தம் குழுவினர் பின்னர்க் கண்டனர். உணவு புண்ணை உண்டாக்குமோ இல்லையோ, வயிற்றைக் காக்கும் உணவும் காக்காத உணவும் உண்டு என்பது இவ்வாய்வுகளால் விளங்கிற்று.

மலை ஏறிய மக்கள்

இந்நிலத்திலிருந்தே மலாயாவுக்குத் தொழிலாளர் கப்பலேறினர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தோர். 1885-ல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங்கின் மலைப்பகுதியை ஆராய்ந்தார். மலை அவர் பெயரைப் பெற்றது. நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925-க்குப் பின்னரே அதனைத் திருத்தும் திட்டம் உருப்பெற்றது. 1929-ல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தோட்டம் தோன்றியது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா வரை வளைந்து வளைந்து ஏறும் பாதை அக்காலத்தில் அமைந்ததே. காடழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் மிகப் பல. 1938-ல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின், அங்கிருந்தோர் அம்மலையையே ஊராகக் கொண்டனர்.

அவர்கள் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, குளிருக்கு ஒரு குவளைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுதல், பகல் ஏறியபின் முதல் உணவு, தோளில் கூடை, மாலையில் மூட்டுவலி. லயத்தின் சிறு அறையில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே குழாய். ஆண்களிற் சிலருக்குக் கள்ளும் சம்சுவும், பலருக்குப் புகையிலையும் துணையாயின. 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாகி, மலாயா மக்கள் மரவள்ளிக்கிழங்கையே நம்பி உயிர்வாழ நேர்ந்தது. குன்னூர் எலிகளுக்கு ஊட்டப்பெற்ற கிழங்கு, பத்தாண்டு கழித்து மக்களுக்கே நாளுணவாயிற்று.

சாறும் வேரும் காயும்

புண்ணுக்குக் காரணம் அமிலமே என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், அமிலத்தைத் தணிக்கும் உணவே மருந்தாயிற்று. 1915-ல் சிகாகோ மருத்துவர் சிப்பி, பாலும் பாலாடையும் மணிக்கு மணி ஊட்டும் முறையைப் பரப்பினார். உலகெங்கும் பல்லாண்டு பின்பற்றப்பட்டது அது. பால் குடித்தவுடன் எரிச்சல் தணிவது மெய்யே. ஆனால் சற்று நேரத்தில் அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும் என்பது பின்னர்த் தெரிந்தது. வயிற்றுப் புண்ணுக்குப் பால் நல்லது என்னும் நம் வீட்டுப் பேச்சு இன்றும் மறையவில்லை.

1949-ல் அமெரிக்க மருத்துவர் கார்னெட் செனி, 13 நோயாளிகளுக்குப் பச்சை முட்டைக்கோசின் சாற்றை நாள்தோறும் குடிக்கக் கொடுத்தார். புண்கள் விரைவில் ஆறின என்று எழுதினார். அதில் ஓர் உயிர்ச்சத்து இருப்பதாகக் கருதி, அதற்கு ‘யூ’ என்ற எழுத்தையும் சூட்டினார். மலேசியாவிற்கு முட்டைக்கோசு வழங்கும் மலை கேமரன் மலையே ஆதலால், இச்செய்தி அங்குள்ளோர்க்கு இனிக்கும். ஆயினும் சாறு குடியாத நோயாளிகளை அவர் உடன்வைத்து ஒப்பிடவில்லை. வயிற்றுப் புண் சிலருக்குத் தானே ஆறுவதும் உண்டு. மீண்டும் தோன்றுவதும் உண்டு. ஆதலால் 13 பேரைக்கொண்டு முடிவு கட்டுதல் இயலாது.

அதிமதுரத்தின் கதை இதனினும் உறுதியானது. நம் சித்த மருத்துவர் பல நூற்றாண்டுகளாக வயிற்றெரிவுக்கு வழங்கிய வேர் அது. 1946-ல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் அதன் பயனைக் குறித்தார். அவ்வேரின் சத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்னும் மருந்து இங்கிலாந்தில் உருவாயிற்று. 1962-ல் ரிச்சர்டு டால் முதலியோர், மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு ஆய்ந்து, அது இரைப்பைப் புண்ணை ஆற்றுவதைக் காட்டினர். ஆனால் உடலில் நீர் தேங்கவும் இரத்த அழுத்தம் ஏறவும் அதுவே காரணமாயிற்று. அதிமதுர வேரை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டாலும் அக்கேடு நேரும். இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். வாழைக்காயும் ஆராயப்பட்டது: 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தார், வாழைக்காய்ப் பொடி விலங்குகளின் இரைப்பையை மருந்தால் உண்டாகும் புண்ணிலிருந்து காப்பதைக் கண்டனர்.

பெர்த் நகரில் ஒரு திருப்பம்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழும் திருகுவடிவக் கிருமி ஒன்றை ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்தில் அது வளராமல் இருவரையும் ஏய்த்தது. 1982-ல் ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் கூடுதலான நாள் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வருவித்துக் காட்டினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இக்கிருமியின் பெயர். 2005-ல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. புண்ணுக்குப் பெருங்காரணங்கள் இரண்டு: ஒன்று இக்கிருமி, மற்றொன்று ஆஸ்பிரின் முதலிய வலிநீக்கி மாத்திரைகள். கவலையும் காரமும் வேதனையை மிகுவிக்கலாம். புண்ணின் வேர் அவை அல்ல.

கப்பலில் வந்த மற்றொரு பயணி

இக்கண்டுபிடிப்புக்குப் பின் மலேசியாவில் நிகழ்ந்த ஆய்வுகள் நம் வரலாற்றைத் தொடுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ, பராசக்தி ஆகியோர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு உள்ளிட்ட பலவும், இக்கிருமி இந்தியரிடம் மிகுந்தும், சீனரிடம் அதற்கு அடுத்தும், மலாய்க்காரரிடம் குறைந்தும் இருப்பதைக் காட்டின. கிளந்தானில் அது வியக்கத்தக்க அளவு குறைவு. 2009-ல் கிருமியின் மரபுக்கூறுகளை ஆராய்ந்தோர், மலாய்க்காரரிடம் உள்ள கிருமிவகை பெரும்பாலும் இந்தியரிடமிருந்து அண்மைக் காலத்தில் பரவியதே என்று கண்டனர்.

இதன் பொருள் யாது? இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்துக்குள்ளேயே தொற்றுவது. நெருங்கி உறங்கும் வீடும் தூய்மையற்ற நீரும் அதற்கு இடமளிக்கும். கங்காணி அழைத்துவந்த தாயின் மடியில் குழந்தை இருந்தது. அவர்கள் வயிற்றில், எவர் கண்ணிலும் படாமல், இக்கிருமியும் கடல் கடந்தது. லயத்து அறை அதனைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கையளித்தது. கிருமி உடையோர் அனைவர்க்கும் புண் வருவதில்லை; சிலருக்கே வரும். ஆயினும் மிளகாயையும் பட்டினியையும் மட்டும் குறைகூறி, தொழிலாளியின் பழக்கத்தையே குற்றமாகக் கொண்ட நாம், அவர் குடியிருந்த அறையையும் குடித்த நீரையும் கருதாதது பெரும்பிழை.

இயற்கை முறையின் எல்லை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். முட்டைக்கோசும் அதன் இனத்துக் கீரைகளும் கிருமியின் பெருக்கத்தை ஓரளவு குறைக்கலாம்; ஒழிப்பதில்லை. மணத்தக்காளியும் கஞ்சியும் மோரும் எளிதில் செரித்து வயிற்றுக்கு இதம் தரலாம். இவற்றை உண்பதில் தவறில்லை. கிருமியை ஒழிக்க வல்லவை மருத்துவர் தரும் கிருமிக்கொல்லிகளும் அமிலக்குறைப்பு மாத்திரையுமே. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அம்மருத்துவம் முடிந்துவிடும். கிருமி உண்டா என்பதை மூச்சுச் சோதனையால் எளிதில் அறியலாம். சோமர்வெல் கத்தியால் செய்ததை இன்று மாத்திரைகள் செய்கின்றன.

புண் வராமல் காப்பதில் இயற்கை முறைக்குப் பேரிடம் உண்டு. கொதித்து ஆறிய நீர், உண்ணுமுன் கை கழுவுதல், காலத்தில் உண்ணுதல், பயறும் கீரையும் கலந்த உணவு, புகையையும் மதுவையும் விலக்குதல் ஆகியவை செலவில்லாத காப்பு. மூட்டுவலிக்கு வலிமாத்திரையை நாள்தோறும் தாமே வாங்கி விழுங்குவது பெருந்தீங்கு. பெயரறியாத மருந்துப்பொடிகளும் அவ்வாறே. அவற்றுட் சிலவற்றில் ஆங்கில மருந்துகள் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பன்முறை எச்சரித்துள்ளது. மலம் தார்போல் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, திடீரென வயிறு பலகைபோல் இறுகி வலித்தாலோ, சாறு பிழிந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மலைச்சரிவில் ஒரு மணி நேரத் தாமதமும் உயிரைக் கொள்ளக்கூடும்.

இன்று கேமரன் மலையில் தமிழ்த் தொழிலாளர் குறைந்துவிட்டனர். வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் அச்சரிவுகளில் உழைக்கின்றனர். அவர்களும் விடியுமுன் எழுகின்றனர். அவர்களும் நெருங்கி வாழும் குடியிருப்புகளில் உறங்குகின்றனர். நமக்குக் காலம் கடந்து தெரிந்த உண்மை அவர்களுக்கேனும் காலத்தில் பயன்பட வேண்டும். தமிழாசிரியர்கள் மருந்து அதிகாரத்தை நடத்தும் நாளில், அளவறிந்து உண்ணுவதோடு தூய நீரையும் நல்ல குடியிருப்பையும் சேர்த்துச் சொல்வார்களாயின், குன்மம் என்ற சொல் அகராதியில் மட்டும் தங்கும் காலம் விரைந்து வரும்.