இரு தீவுகளின் ஆசிரியைகள்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இப்பக்கம் பாம்பன் தீவு, அப்பக்கம் மன்னார் தீவு. இரண்டிலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிப்பவர் யார் என்பதில் இரு கரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

உலக அளவில் இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் பாதிக்குச் சற்றே மேல். சகாராவுக்குத் தெற்கே மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறார்கள். இந்தியாவில் 2024-25இல் எல்லா வகுப்பு நிலைகளையும் சேர்த்து 54 விழுக்காடு. தமிழகம் அதற்கும் மேல். இலங்கையில் நான்கில் மூவர் பெண்கள்.

இரு கரையிலும் பெண்களே அதிகம் என்றாலும் வந்த வழி வேறு. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824லேயே பெண்களுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது. இலங்கை முழுதும் 1945இல் இலவசக் கல்வி வந்தது. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் நன்றியோடு நினைவுகூர்ந்த பள்ளி ஆசிரியர்களோ சிவசுப்பிரமணிய ஐயர், இராமநாதபுரத்தில் ஐயாதுரை சாலமன் என ஆண்களே. தமிழக அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு 1989இல்தான் வந்தது. அது 40 ஆக உயரும் என்ற அறிவிப்பு 2021இல்.

பாலங்களின் கதையும் எதிரெதிர். ரயிலையும் படகையும் நம்பியிருந்த பாம்பனுக்கு 1988இல் சாலைப் பாலம் கிடைத்தது. இராமநாதபுரத்தில் குடியிருக்கும் ஆசிரியை பேருந்திலேயே தீவுக்கு வந்து திரும்பலாம் என்றாயிற்று. மன்னாரிலோ 1990இல் போர் பாலத்தைத் தகர்த்தது, ரயிலையும் நிறுத்தியது. புதிய பாலம் 2010இல், ரயில் 2015இல்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் அடியில் எதிர்பாராத ஓர் உறவு இருக்கிறது. போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வெற்றிடங்களை நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். சிறு கொடுப்பனவுக்கும், அது இல்லாமலும் கற்பித்தார்கள். அந்தப் போரைக் காணாத தமிழகத்தில் அதே வேலையைச் செய்பவர்கள் பள்ளி அளவிலேயே, சொற்பத் தொகுப்பூதியத்தில், அமர்த்தப்படும் தற்காலிக ஆசிரியர்கள். படித்து உள்ளூரிலேயே தங்கிவிட்ட பெண்களுக்கு இரு கரையிலும் எளிதில் திறந்த கதவு இதுதான். ஆசிரியைகளின் எண்ணிக்கையைக் கொண்டாடும்போது இந்தத் தற்காலிகப் பணியின் கணக்கையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பேன்.

இலங்கையில் பள்ளி அதிபர் நாற்காலியும் தமிழகத்தில் தலைமையாசிரியர் நாற்காலியும் தனி ஆய்வுக்கு உரியவை. வகுப்பறையில் பெண்களுக்கு உள்ள பங்கு தலைமைப் பதவியில் இல்லை என்பது உலகின் பல நாடுகளில் காணும் நிலை.

பாம்பனுக்கு உடனே வேண்டியது ஒன்று. காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்புங்கள். அதில் இந்தக் கடற்கரையிலேயே படித்து, பி.எட். முடித்த மீனவர் வீட்டுப் பெண்களுக்கு வழிவிடுங்கள்.